பின்சீட்டில் அம்மா: ஆல்டோவும் ஐ20யும் ஒரே மலைப்பாதையில்

கார் வாங்கப் போகிற குடும்பம் ஷோரூமுக்குள் நுழைந்ததும் நடப்பது எப்போதும் ஒன்றுதான். ஓட்டப்போகிறவர் முன்கதவைத் திறந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பார். மற்றவர்கள் வெளியே நின்று கலரைப் பற்றிப் பேசுவார்கள். மதுரையில் என் அத்தானும் அப்படித்தான் போய் உட்கார்ந்தார். நான் பின்கதவைத் திறந்து, "நீ ஏறிப் பாரும்மா" என்றேன். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மடக்கு வாக்கர் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. வாங்கப்போகும் காரில் மாதம் தவறாமல் உட்காரப்போகிறவர் அவர். ஆனால் எந்தக் கார் என்று வீட்டில் ஒரு மாதமாக நடந்த பேச்சில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தானுக்கு மாருதி ஆல்டோ கே10 போதும். "தேவைக்குத்தானே காரு? ரிட்டயர் ஆக எட்டு வருசம் இருக்கு, அதுக்குள்ள எதுக்குப் பெரிய கடன்?" என்பது அவர் கட்சி. அக்காவுக்கு ஹூண்டாய் ஐ20. "வாங்குறதே ஒரு தடவ. அதையும் மனசுக்குப் பிடிக்காம வாங்கி என்ன பண்றது?" இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. திருநகரில் வீடு, நாலைந்து கிலோமீட்டரில் மார்க்கெட், கோயில், ஆஸ்பத்திரி. மாதம் ஒரு முறை பெருமாள்மலையில் இருக்கும் அத்தானின் அண்ணன் வீட்டுக்குப் பயணம். பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். ஆக, பெரும்பாலும் காரில் மூன்று பேர். நான் ஊருக்குப் போனால் நான்கு.

ஷோரூம்காரர்கள் தரும் டெஸ்ட் டிரைவ் நாலு கிலோமீட்டர்; அதில் ஏசி சில்லென்று இருக்கிறதா, கிளட்ச் லேசாக இருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். அதனால் வேறு வழி பார்த்தோம். நண்பர் ஒருவரின் ஐ20, மேல்வகையான ஆஸ்டா, ஒரு சனிக்கிழமைக்குக் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமைக்குச் சித்தப்பா மகனின் ஆல்டோ, அதிலும் மேல்வகையான விஎக்ஸ்ஐ பிளஸ். இரண்டும் பெட்ரோல், கையால் கியர் போடுவது. இரண்டிலும் அதே நான்கு பேர், அதே பாதை: நாற்கரச் சாலையில் கொடைரோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, அங்கிருந்து மலை ஏறிப் பெருமாள்மலை. அத்தான் ஓட்டினார். அக்கா முன்னால். அம்மாவும் நானும் பின்னால். இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி அந்தப் பின்சீட்டில் எழுதிய குறிப்பு.

முதலில் டேப் வைத்து அளக்கக்கூடிய சங்கதிகள். ஆல்டோவின் நீளம் 3,530 மில்லிமீட்டர், ஐ20 3,995. நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைவாக அதை நிறுத்தியதற்குக் காரணம் வரி. நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்னக் காருக்கு வரிச்சலுகை என்ற கோட்டை 2006 மத்திய பட்ஜெட் போட்டது. இங்கே விற்கும் சின்னக் கார்களின் உருவத்தை அந்தக் கோடுதான் இன்றுவரை தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டிக்குள் வந்த பெட்ரோல் கார்களுக்கும் அதே நீளம்தான் எல்லை, இன்ஜின் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. ஆல்டோ 998 சிசி, ஐ20 1,197 சிசி. வரி கட்டும்போது இரண்டும் ஒரே சாதி. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் ஆல்டோவில் 2,380 மில்லிமீட்டர், ஐ20யில் 2,580. அந்த இருபது சென்டிமீட்டர்தான் அம்மாவின் முழங்கால்.

ஐ20யில் அது உடனே தெரிந்தது. முன்சீட்டு முதுகில் முட்டாமல் காலைக் கொஞ்சம் நீட்டி வைக்க முடிந்தது. பின்னால் இருப்பவர்களுக்கென்று தனி ஏசி துவாரம், ஏற்றி இறக்கும் தலைத்திண்டு. வாடிப்பட்டி தாண்டும்போது பஸ்கள் உரசுவதுபோல் கடந்து போயின, கார் அசையவில்லை. அம்மா ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். மலையில் 83 குதிரைத்திறன், 114.7 நியூட்டன் மீட்டர் இழுவிசை. நான்கு பேரும் ஏசியும் இருந்தும் அத்தான் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அதே காரில் நாங்கள் தொடாத பொருட்களையும் எழுதி வைத்தேன். குரல் கொடுத்தால் திறக்கும் சன்ரூஃப் இருக்கிறது. மதுரை வெயிலில் அதைத் திறந்ததும் அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டார், உடனே மூடினோம். ஏழு ஸ்பீக்கர் போஸ் ஆடியோவில் கேட்டது வழக்கமான இளையராஜா; கேட்க நன்றாகத்தான் இருந்தது, பத்து நிமிடத்தில் அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டு அம்மாவிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். பத்தேகால் அங்குல டச் ஸ்கிரீனில் மேப் தெளிவாகத் தெரிகிறது. அந்த வழி அத்தானுக்குத் தூக்கத்திலும் தெரியும். விலைப்பட்டியலில் மேல்வகைக்கு ஏற ஏறக் கூடுகிற பணம் பெரும்பாலும் இவற்றுக்குத்தான் போகிறது. அம்மாவுக்கு உண்மையில் பயன்பட்டது அந்த இருபது சென்டிமீட்டரும் பின் ஏசியும்.

மலைப்பாதை அம்மாவுக்கு எப்போதும் ஆகாது. கைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். மூன்றாவது வளைவில் அதை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். டம்டம் பாறையில் நிறுத்தி, எதிர் மலையில் வெள்ளைக் கயிறாகத் தொங்கும் தலையாறு அருவியைக் காட்டினோம். அவர் பார்த்தது அருவியை அல்ல, உட்கார ஒரு திண்ணையை.

அடுத்த வாரம் ஆல்டோ. ஏறும்போதே வித்தியாசம். 1,490 மில்லிமீட்டர் அகலம். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் நடுவில் வாக்கருக்குக்கூட இடமில்லை, அது டிக்கிக்குப் போயிற்று. டிக்கி 214 லிட்டர், ஐ20யில் 311. பின்ஜன்னலுக்குக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இதைக் குறையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அம்மா தாமே சுற்றிக் கண்ணாடியை விரும்பிய அளவுக்கு இறக்கிக்கொண்டார். போன வாரம் பட்டனை அழுத்தினால் முழுக்க இறங்கிவிடுமோ என்று தொடவே இல்லை. ஏசி துவாரங்கள் முன்னால் மட்டும். உள்ளே இடம் சின்னது என்பதால் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. ஆனாலும் முன்னால் இருப்பவர்களுக்குக் குளிர், பின்னால் இருப்பவர்களுக்குக் குளிரின் மிச்சம்.

குண்டும் குழியுமான இடங்களில் ஒரு சின்ன ஆச்சரியம். ஆல்டோவின் டயர் 145/80, 13 அங்குல வளையம். நான் போன ஐ20யில் 195/55, 16 அங்குலம். கணக்குப் போட்டால் ஆல்டோ டயரின் பக்கச்சுவர் 116 மில்லிமீட்டர் உயரம், ஐ20யுடையது 107. சின்னக் காரின் டயரில்தான் காற்று மெத்தை அதிகம். அதனால் சிறு பள்ளங்களின் 'டக்' என்ற அடி ஆல்டோவில் குறைவு. ஆனால் சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால், வேகத்தடை ஏறி இறங்கும்போது கார் முன்னும் பின்னும் தொட்டிலாக ஆடுகிறது, அந்த ஆட்டம் பின்சீட்டில்தான் அதிகம். நாற்கரச் சாலையில் வேகமாக ஒரு பஸ் கடந்தால் லேசான கார் காற்றில் ஒரு அசைவு அசையும். அத்தான் எண்பதைத் தாண்டவில்லை, அந்தக் காருக்கு அதுதான் சரியான வேகம்.

மலையில் நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சுமார் 67 குதிரைத்திறன், 89 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் ஐ20யைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் அந்த இழுவிசை 3,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது, ஐ20யில் 4,200 வரை போக வேண்டும். தூக்க வேண்டிய எடையும் குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே ஏறியது. நேர் ஏற்றத்தில் லாரியைத் தாண்ட வேண்டுமானால் ஏசியை அணைத்துக்கொள்வது நல்லது. டம்டம் பாறைக்கு மேலே காற்றே குளிர்ந்திருந்ததால் அணைத்தது யாருக்கும் தெரியவில்லை. ஊத்து தாண்டியதும் மூடுபனி. பின்கண்ணாடியின் நீராவியைப் போக்கும் கம்பிக்கோடு ஆல்டோவில் இல்லை. நான் திரும்பித் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தேன். எலுமிச்சம்பழம் இந்த வாரமும் மூன்றாவது வளைவிலேயே வெளியே வந்தது. பெருமாள்மலையில் இறங்கும்போது அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஐ20 என்று அர்த்தம்.

திரும்பும்போது அக்கா செய்த காரியம் எங்கள் யாருக்கும் முன்பே தோன்றியிருக்க வேண்டியது. "நீ முன்னாடி ஏறும்மா, நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்" என்றாள். அம்மா, "அய்யய்யோ, நான் எதுக்கு முன்னாடி?" என்று ஒதுங்கினார். அப்பா இருந்த காலத்தில் எங்களிடம் பழைய மாருதி 800 இருந்தது. அதன் முன்சீட்டில் அப்பாவின் நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன், மாமாக்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளினோம். கால் நீட்ட ஐ20யின் பின்சீட்டைவிட அதிக இடம் கிடைத்தது. ஏசி துவாரம் இரண்டு அவர் பக்கமே. ஜன்னலுக்குப் பட்டன், ஒரு தடவை காட்டிக் கொடுத்ததும் பிடிபட்டது. மலையில் குமட்டலுக்கும் முன்சீட்டுதான் மருந்து. உடம்பு வளைவதைக் காது உணர்கிறது. முன்சீட்டு முதுகை மட்டும் பார்க்கிற கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். வருகிற வளைவைக் கண்ணும் பார்த்துவிட்டால் முரண் குறைந்துவிடுகிறது.

சிக்கனமான கார் என்பது வசதியே இல்லாத கார் அல்ல. இருக்கிற வசதி அத்தனையையும் முன்வரிசையில் குவித்துவிட்டு, பின்வரிசையில் மிச்சம் பிடிக்கிற கார். ஐ20 போன்ற காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பின்வரிசைக்கும் அந்த மரியாதையைக் கொடுப்பதற்குத்தான். நம் வீடுகளில் மிச்சம் பிடித்த அந்த இடத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முன்சீட்டு என்றால் ஏர்பேக் பற்றிச் சொல்லியாக வேண்டும். டாஷ்போர்டுக்கும் மார்புக்கும் நடுவே குறைந்தது ஒரு முழங்கை நீளமாவது இருக்க வேண்டும், பெல்ட் கட்டாயம், முதுகு சீட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். ஆல்டோவில் 2025 முதலும் ஐ20யில் 2023 முதலும் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. அதற்கு முன், இரண்டு ஏர்பேக்கோடு இருந்த கார்களைக் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐ20க்கு மூன்று நட்சத்திரம், ஆல்டோவுக்கு இரண்டு. ஆனால் மோதலில் உடற்கூடு தாங்குமா என்பதில் ஆல்டோ நிலையானது என்றும் ஐ20 நிலையற்றது என்றும் அதே அமைப்பு மதிப்பிட்டது. விலை கூடினால் தகடும் கூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கான பாதுகாப்பில் ஆல்டோவுக்குக் கிடைத்தது பூஜ்யம், ஐ20க்கு மூன்று. கைக்குழந்தை உள்ள வீடு இந்த ஒரு வரிக்காகவே ஐ20 பக்கம் போகலாம்.

பணம். இரண்டின் மேல்வகைகளுக்கும் ஆன்ரோடு விலையில் ஐந்து லட்சத்துக்குக் குறையாத வித்தியாசம். ஐந்து லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருடம் கட்டினால் மாதத் தவணை சுமார் 10,400 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஆறேகால் லட்சத்தை நெருங்கியிருக்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, ஆல்டோ லிட்டருக்கு 20, ஐ20 15 தந்தால், பெட்ரோலில் இன்னும் 1,700 ரூபாய். இந்தப் பன்னிரண்டாயிரம் அத்தானின் வீட்டில் பையனின் ஹாஸ்டலுக்கும் அம்மாவின் பிசியோதெரபிக்கும் போகிற பணம்.

பின்சீட்டில் எப்போதும் இரண்டு பேராவது முதியவர்களோ குழந்தைகளோ இருக்கும் வீட்டுக்கு நான் ஐ20தான் சொல்வேன், சன்ரூஃபும் போஸும் இல்லாத நடுவகை. வாங்கும் வகையில் பின் ஏசி துவாரம் இருக்கிறதா என்று பின்கதவைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களுக்கும் அதுவே. மூன்று பேர், ஊருக்குள் ஓட்டம், மாதம் ஒரு நீண்ட பயணம் என்றால் ஆல்டோ. நான்கரை மீட்டர் ஆரத்தில் திரும்பும் கார் மாசி வீதிச் சந்துகளில் என்ன நிம்மதி என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு ஆல்டோ என்று முடிவானது. முன்சீட்டு அம்மாவுக்கு என்று அக்கா போட்ட நிபந்தனையோடு.

அன்று மாலை இறங்கி வரும்போது, ஒரு வளைவில் மஞ்சளாறு அணை கீழே மின்னியது. அம்மா எட்டிப் பார்த்து, "இது எப்ப கட்டுனாங்க?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் போய்வந்த பாதை அது. வத்தலக்குண்டு வரும்வரை எதிரே வருகிற ஒவ்வொரு ஊர்ப்பலகையையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். எலுமிச்சம்பழம் கைப்பையிலேயே இருந்தது. மறுநாள் மதியம் அக்கா அதை ரசத்தில் பிழிந்தாள்.