சுருதி விடாத படிகம்

மேற்கு மாம்பலத்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளம் காலைப் பொசுக்கும். ஆன்டெனாவோடு அங்கே கிடக்கும் எஸ்டிஆர் டாங்கிளின் (மென்பொருள்வழி வானொலி வாங்கி) அலுமினிய உறை விரலைச் சுடும். உள்ளே, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 2 கோடியே 88 லட்சம் முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது, துளிச் சத்தமில்லாமல். வெறும் படிகமென்றால் இந்தச் சூட்டில் தடுமாறிவிடும். இது டிசிஎக்ஸ்ஓ, வெப்பத்தை ஈடுசெய்யும் வகை. கூடவே ஒரு வெப்ப உணரி. சூடு ஏற ஏற, மின்னழுத்தத்தை இம்மி இம்மியாகத் திருத்திப் படிகத்தை இழுத்துப் பிடிக்கிறது. பாட்டு எங்கே அலைந்தாலும் சுருதி விடாத தம்புரா மாதிரி.

இந்த டாங்கிளில் நான் பிடிக்கப் பார்க்கும் ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலை 20,000 கிலோமீட்டர் கடந்து வந்து சேரும்போது இரைச்சலுக்கும் அடியில் கிடக்கும். மென்பொருள்தான் அதைத் தடவித் தேட வேண்டும். செயற்கைக்கோளின் ஓட்டமே அலையை 5,000 ஹெர்ட்ஸ் வரை முன்பின் நகர்த்திவிடுகிறது. படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் கூடுதலாக 1,575 ஹெர்ட்ஸ். மலிவுப் படிகம் 30 பங்கு பிசகினால் 47,000. கணினி தேடியே களைத்துவிடும். படிகத்தைச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஓசிஎக்ஸ்ஓ இன்னும் துல்லியம்தான், ஆனால் மின்சாரம் தின்னும். (மாம்பலத்தில் தனியாக அடுப்பு வேறா?) 2023-இல் ஏவிய வழிகாட்டிச் செயற்கைக்கோள் என்விஎஸ்-01, இந்தியாவிலேயே செய்த ருபீடியம் அணுக் கடிகாரத்தைச் சுமந்து போனது. அதன் பெருமை அதற்கு. என் பிரியம் இந்தச் சின்னதன் மேல். ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் எதற்குப் பேரம் பேசினாலும் இதற்குப் பேசுவதில்லை.