உட்கருவின் வாசலில் காவலாளி இல்லை

புரதம் எப்படி உட்கருவுக்குள் போகிறது என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் விடை வரும்: “உட்கருச் சவ்வில் துளை உண்டு. அங்கே ஒரு காவலாளி இருக்கிறார். புரதத்திடம் கடவுச்சீட்டு இருந்தால் கதவைத் திறந்து உள்ளே விடுவார்.” ஜொகூர் பாலத்தில் வரிசை பிடித்து நின்ற பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். நாம் சொல்லிக்கொடுத்ததுதானே! விளக்கக் கட்டுரையில் வந்தால் நல்ல உவமை என்று பாராட்டவும் செய்கிறோம்.

இந்த உவமையைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிப்போம். பாதி ரொம்ப நல்ல உவமை. மறுபாதி, மாணவருக்குப் புரிய வேண்டிய முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது.

முதலில் நல்ல பாதி. கடவுச்சீட்டு என்று நாம் சொல்வது புரதத்திலேயே இருக்கும் ஒரு சிறு அமினோ அமிலத் தொடர். எஸ்.வி.40 என்ற வைரஸின் பெரிய டி புரதத்தில் இருக்கும் தொடரை 1984-இல் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். ஏழே அமினோ அமிலங்கள்தாம்: புரோலின், லைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், லைசின், வாலின். அதில் ஒரு லைசினை மாற்றினாலே புரதம் சைட்டோபிளாசத்தில் தங்கிவிட்டது. அதே தொடரை, உட்கருவுக்குச் சம்பந்தமே இல்லாத பைருவேட் கைனேஸ் புரதத்தோடு சேர்த்தபோது அது உட்கருவுக்குள் போய்விட்டது. ஆக, அடையாளம் இருந்தால் அனுமதி உண்டு என்பது சரி.

சில மாணவர்கள் கடவுச்சீட்டுக்குப் பதிலாக ‘நுழைவுச்சீட்டு’ என்று எழுதுவார்கள். அது வேண்டாம். நுழைவுச்சீட்டை வாசலில் கிழித்துவிடுவார்கள். கடவுச்சீட்டு நம் கையிலேயே இருக்கும். எண்டோபிளாச வலைக்குள் போகும் புரதங்களில் வழிகாட்டும் தொடர் பொதுவாக வெட்டப்பட்டுவிடும். உட்கருவுக்குப் போகும் புரதங்களில் அது அப்படியே இருக்கும். காரணம் இருக்கு. நம் உயிரணு பிரியும்போது உட்கருச் சவ்வே கலைந்து, உள்ளே இருந்தவை வெளியே கலந்துவிடும். புதுச் சவ்வு உருவானதும் அதே புரதங்கள் மறுபடியும் உள்ளே போகணும். சீட்டைக் கிழித்திருந்தால் எப்படிப் போவது?

இப்போது காவலாளிக்கு வருவோம். தேடிப் பார்த்தால் ஆளையே காணோம்! உட்கருத் துளை என்பது சுமார் 30 வகைப் புரதங்கள், ஒவ்வொன்றும் பல நகல்களாகச் சேர்ந்த பெரிய அமைப்பு. நடுவில் திறந்து மூடும் கதவு கிடையாது. நிலையான வடிவமில்லாத, நூல் போன்ற புரதச் சங்கிலிகள் அங்கே அடர்ந்து கிடக்கின்றன.

கல்யாண மண்டபத்து வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நெரிசல். சின்னப் பிள்ளைகள் கால்களுக்கிடையே புகுந்து போய்விடுவார்கள். ஏறக்குறைய 40 கிலோடால்டனுக்குக் குறைந்த புரதங்கள் இப்படித் தாமாகவே ஊடுருவ முடியும். (முடியும் என்றுதான் சொல்கிறேன். அளவில் சிறிய ஹிஸ்டோன்கள்கூடத் துணையோடுதான் போகின்றன.) பெரிய பெட்டியோடு வரும் வெளியாள் மாட்டிக்கொள்வார். ஆனால் எல்லாரையும் தெரிந்த மாமா ஒருவர் இருப்பாரே, அவர் இவருக்குக் கைகொடுத்து, அவரிடம் ஒரு வார்த்தை பேசி, பெட்டியோடு நழுவிப் போய்விடுவார். அந்த மாமாதான் இம்போர்ட்டின். இம்போர்ட்டின் ஆல்பா, புரதத்தின் அடையாளத் தொடரைப் பிடித்துக்கொள்கிறது. இம்போர்ட்டின் பீட்டா, ஆல்பாவைப் பிடித்துக்கொண்டு துளையின் சங்கிலிகளைத் தொட்டுத் தொட்டு நகர்கிறது. சீட்டைச் சரிபார்ப்பவர் ஒருவர் வேண்டுமென்றால் ஆல்பாவைச் சொல்லுங்கள். அவரும் வாசலில் நிற்பவர் அல்ல. கூடவே பயணம் செய்பவர்.

சரி, இந்த மாமா உள்ளே போவதுபோல் அதே கூட்டத்தின் வழியே வெளியேயும் வரலாமே? வரலாம். வாசலுக்கு உள், வெளி தெரியாது. அப்படியென்றால் பெட்டி ஏன் உள்ளே மட்டும் சேருகிறது? காவலாளி உவமை இந்தக் கேள்வியைக் கேட்கவே விடுவதில்லை. எனக்கு அதன்மேல் இருக்கும் பெரிய குறை இதுதான்.

விடை ரான் என்ற சிறு புரதத்தில் இருக்கிறது. அது குவானோசின் டிரைபாஸ்பேட்டையோ டைபாஸ்பேட்டையோ பிடித்திருக்கும். (ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ஜி.டி.பி.’ ஆகிவிடும், பொருளாதாரப் பாடத்து ஜி.டி.பி.யும் சேர்ந்துகொள்ளும்! முழுப்பெயரையே எழுதச் சொல்லுங்கள்.) ரானுக்கு டிரைபாஸ்பேட்டை ஏற்றிவிடும் ஆர்.சி.சி.1, குரோமாட்டினோடு ஒட்டி உட்கருவுக்குள் இருக்கிறது. அந்த டிரைபாஸ்பேட்டை உடைக்கத் தூண்டும் ரான்கேப், வெளியே இருக்கிறது. அதனால் டிரைபாஸ்பேட் ரான் உள்ளே அதிகம், வெளியே மிகக் குறைவு. உள்ளே வந்த இம்போர்ட்டின் பீட்டாவை இந்த ரான் பிடித்ததும் பெட்டி கைநழுவுகிறது. பீட்டாவும் ரானும் சேர்ந்து வெளியே போகின்றன. அங்கே டிரைபாஸ்பேட் உடைகிறது, பீட்டா அடுத்த பெட்டிக்குத் தயார்.

இதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. 1999-இல் கார்ஸ்டென் வைஸும் அவருடன் பணியாற்றியவரும் வெளியிட்ட சோதனையில், டிரைபாஸ்பேட் ரானை வெளிப்பக்கம் அதிகமாக வைத்தார்கள். என்ன ஆச்சு தெரியுமா? உட்கருவிலிருந்து வெளியேற வேண்டிய புரதங்கள் தலைகீழாக உள்ளே போயின. துளை அதே துளைதான். மாறியது இரு பக்கத்திலும் இருந்த ரானின் நிலைமை மட்டுமே.

ஆற்றல் பற்றிய பிழையும் இங்கிருந்தே வருகிறது. ‘ஆற்றலைச் செலவழித்துத் துளை புரதத்தை உள்ளே தள்ளுகிறது’ என்று மாணவர் எழுதுவார். துளையைக் கடக்கும் அந்தக் கணத்தில் டிரைபாஸ்பேட் உடைய வேண்டியதில்லை. இரு பக்க வேறுபாட்டைக் காப்பாற்றத்தான் அந்தச் செலவு.

தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கு. எழுவாயைப் பாருங்கள். ‘துளை அனுப்புகிறது’, ‘காவலாளி திறக்கிறார்’ என்பதை, ‘இம்போர்ட்டின் சுமந்து செல்கிறது, உட்கருவிலுள்ள ரான் விடுவிக்கிறது’ என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாக்கியம்தான், ஆனால் செயலைச் செய்வது யார் என்று தெளிவாகிவிடும்.

என் மாமாவிடமும் ஒரு குறை உண்டு. அவர் உள்ளே போகணும் என்று நினைத்து நடக்கிறார். இம்போர்ட்டினுக்கு அப்படி எண்ணம் ஏதும் இல்லை. துளைக்குள் முன்னும் பின்னும் அலைந்துதான் மறுபக்கம் சேர்கிறது. வகுப்பில் மாமாவைச் சொன்னால் இதையும் சேர்த்தே சொல்லிவிடுங்க.