பெயரும் எண்ணும்: மலையக இலக்கியமும் நாடுகடத்தலும்

நயம் பாராட்டுவதே திறனாய்வின் முழுப்பணி என்று கொண்டால் மலையகத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி இரண்டு பக்கங்களில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவ்விலக்கியத்தின் பெரும்பகுதி, ஒரு சமுதாயம் தான் உழைத்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட காலத்தில் எழுந்தது. ஆகவே அதனிடம் இன்னொரு கேள்வியையும் நாம் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். திரள்திரளாக மக்களை நாடுகடத்தும் முயற்சியைத் தடுக்கவும், அதற்குத் துணை சேர்க்கவும் எழுத்து என்ன செய்தது?

விடை காணுமுன் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் நலம். 1937ஆம் ஆண்டு, தேயிலைத் தோட்டத்தில் தொழில் பயில வந்திருந்த பிரேஸ்கர்டில் என்னும் வெள்ளை இளைஞர், தோட்டத் தொழிலாளருக்காகப் பேசினார் என்பதால் நாட்டைவிட்டு வெளியேறுமாறு இலங்கை ஆளுநர் ஆணையிட்டார். இளைஞர் தலைமறைவானார். லங்கா சமசமாஜக் கட்சியினர் அவரைக் காத்தனர். அரசாங்க சபையில் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. கொழும்பு காலிமுகத்திடலில் பெருந்திரளான மக்கள் நடுவே அவர் மேடையேறினார். மே மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சபை, திடல், நீதிமன்றம் என்னும் மூன்று களங்களிலும் கைகள் ஒன்றுசேர்ந்தன. ஒரு நாடுகடத்தல் நின்றது.

ஒருவருக்குக் கிடைத்த அந்தத் துணை இலட்சக்கணக்கானவருக்கு ஏன் கிடைக்கவில்லை? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. முதற்சட்டத்தை இடதுசாரிகளும் தமிழ்க் காங்கிரசும் எதிர்த்தே வாக்களித்தனர். ஆனால் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தபின், இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமை மசோதாவுக்கு ஆதரவளித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் பங்கு பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அவ்வரசே சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. தோழமைகள் இல்லாமற் போகவில்லை. பதவி வந்த வேளையில் அவை தளர்ந்தன.

அவ்வொப்பந்தத்தை ஒரு நூலைப் படிப்பதுபோலப் படித்துப் பார்க்கலாம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது. 1974இல் அந்த எச்சமும் சரிபாதியாகப் பிரிந்தது. இதில் ஆளின் பெயர் இல்லை. ஊரின் பெயரும் இல்லை. கோப்பு எழுதிப் பழகியவர்கள் அறிவார்கள், பெயரோடு வரும் மனுவை ஒதுக்கக் கை சற்றே தயங்கும். எண்ணாக வரும் பட்டியல் தடையின்றி மேசை மாறிச் செல்லும். வந்தவர்களுக்கு இங்கே இட்ட 'தாயகம் திரும்பியோர்' என்னும் பெயரும் கருதத்தக்கது. அவர்களிற் பலர் இலங்கையிற் பிறந்து, அதுவரை இந்திய மண்ணை மிதித்தறியாதவர்கள். காணாத ஊருக்குத் 'திரும்புவது' எங்ஙனம்? ஒரு சொல் வெளியேற்றத்தை வீடு சேர்வதாக மாற்றிவிட்டது. பிரேஸ்கர்டிலுக்கு முகம் இருந்தது. இவர்களுக்குத் தொகை மட்டுமே இருந்தது.

இங்கேதான் எழுத்தின் கடமை தொடங்குகிறது. மலையகம் மூன்று வகையான குரல்களை நமக்குத் தந்திருக்கிறது.

முதலாவது மேடைக் குரல். தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் தொழிற்சங்கம் வளர்த்த வரலாறு அறிந்ததே. கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு இணைந்து பணியாற்றிய ஐயர், அவர் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பிய கசப்பையும் கண்டவர். இந்திய எதிர்ப்பு ஓங்கிய நாளில் அம்மையார் மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் தாமே பாடினார். சிறு நூலாகவும் அச்சிட்டார். யாப்பமைதியை மட்டும் நோக்குவோர் அப்பாடல்களை எளியவை என ஒதுக்கக்கூடும். எழுதப் படிக்க அறியாதாரும் ஒருமுறை கேட்டதும் திரும்பப் பாட வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். அவ்வளவையில் அவை பழுதற்றவை. ஆயினும் அவை தம் மக்களைத் திரட்டின. அடுத்த வீட்டாரை எட்டவில்லை.

இரண்டாவது, அயலாரை விளித்த குரல். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்ட வாழ்வைப் பற்றித் தம் கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். சக்தீ பாலஐயா அதனைத் தமிழாக்கினார். சொந்த மக்களைப் பற்றி அந்நிய மொழியில் எழுதுவானேன் என்று குறை கூறியோரோடு நாம் உடன்படவில்லை. தோட்டத்துப் பெண்ணுக்குத் தன் துயரை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேநீர் அருந்துபவருக்குத்தான் சொல்லியாக வேண்டும். இச்சமுதாயத்தின் வழக்கைப் பிறர் மன்றத்தில் எடுத்துரைத்த கவிதை அது. அவரே தொழிலாளரின் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். வெளியே பேச ஒரு மொழி, உள்ளே காக்க ஒரு மொழி என்னும் இந்த இரட்டைப் பணி வேறெவரிடமும் இவ்வளவு தெளிவாக அமையவில்லை என்பது நம் கருத்து.

மூன்றாவது ஒப்பாரி. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு, பிரிவோரை ஏற்றிச் சென்ற இரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கு அதனையே பெயராக்கினார். உயிரோடிருப்பவரை வழியனுப்ப இறந்தோர்க்குரிய பாடலே பொருந்திற்று என்பதைவிட வன்மையான சாட்சியம் வேறு வேண்டுமோ? எனினும் ஒப்பாரிக்கு ஓர் எல்லை உண்டு. அது உறவினரை நோக்கிப் பாடப்படுவது. இழப்பை அது நிறைவாகச் சொல்லும். இழப்பைத் தடுக்க வல்ல அயலாரைப் பெயர் சொல்லி அழைக்காது. பிற்கால மலையகக் கதைகள் பல இந்த எல்லைக்குள் நின்றுவிட்டன. பெட்டி கட்டுவதும் புகைவண்டி நகர்வதும் விரிவாக வருகின்றன. உடன் நின்ற சிங்களத் தொழிலாளியும், விலகி நின்ற யாழ்ப்பாணத்து நண்பரும் பாத்திரங்களாக அருகியே வருகின்றனர். துணையின் கதையும் துணை முறிந்த கதையும் எழுதப்படாவிடில், அடுத்த தலைமுறை எதைக் கொண்டு துணை தேடக் கற்கும்?

போராட்டம் ஒப்பாரியோடு முடிந்துவிடவில்லை. 1986ஆம் ஆண்டு பொங்கலன்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கம் தொடங்கிற்று. காலை வேளையில் கொழுந்து பறிக்காமல் வழிபாட்டில் அமர்ந்தனர் தொழிலாளர். வழிபாடு அனைவர்க்கும் விளங்கும் மொழி. பறிக்காத கொழுந்து அரசுக்கு விளங்கும் மொழி. அவ்வாண்டே நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. எஞ்சியோர்க்காக 2003 அக்டோபரில் வந்த சட்டத்தை நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. 1948இல் பிரித்த கைகள் ஒன்றுகூட 55 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் இலட்சக்கணக்கானோர் கடல் கடந்துவிட்டனர்.

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. ஊரார் மொழியில் நம்மைப் பற்றி நாமே சொல்லிவைப்பதும், அவர்கள் துன்பத்தில் முன்னதாகவே உடன் நிற்பதும் துணையின் முதலீடுகள். இடர் வந்தபின் தேடும் நட்பு பெரும்பாலும் நேரத்துக்கு வந்து சேராது. நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அந்தக் கோச்சியில் வந்தோர் சிலர் இன்றும் முதுமையில் வாழ்கின்றனர். அவர்தம் பாடல்களையும், தோட்டத்தின் பெயரையும், பிரிந்த அண்டை வீட்டாரின் பெயரையும் கேட்டெழுதி ஒரு தொகுப்பாக வெளியிடுதல் நம் போன்ற சங்கங்களால் இயலும் பணி. 5,25,000 என்ற எண்ணுக்குள் இருந்த பெயர்களில் சிலவேனும் அதனால் ஏட்டில் ஏறும். அவர்கள் இருக்கும்போதே அதனைத் தொடங்குதல் வேண்டும்.