ஆறு லாரியும் ஒரு பென்சிலும்

அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் சேர எழுதும் எல்சாட் தேர்வில் 'லாஜிக் கேம்ஸ்' என்று மாணவர்கள் பெயர் வைத்திருந்த ஒரு பகுதி இருந்தது. 35 நிமிடம், நான்கு புதிர், சுமார் 23 கேள்வி. ஒரு புதிருக்கு ஒன்பது நிமிடம்கூடக் கிடைக்காது. சட்டம் ஒரு வரி தெரிந்திருக்க வேண்டாம். யார் முன்னே, யார் பின்னே என்று நிபந்தனைகளைக் கொடுத்துவிட்டு, எது நடக்கலாம், எது நடந்தே தீரும், எது நடக்கவே நடக்காது என்று கேட்பார்கள். ஆட்களைக் குழுவாகப் பிரிக்கும் புதிர்களும் உண்டு. ஆனால் வரிசைப் புதிர்தான் எனக்கு உசத்தி. அதன் சுத்தம் மற்றதில் இல்லை.

அந்தப் பாணியில் நாமே ஒன்று கட்டிப் பார்க்கலாம். கிடங்கு வாசலில் க, ச, த, ந, ப, ம என்று ஆறு லாரிகள். ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்கு இறக்க வேண்டும். க, ச-வுக்கு முன்னால் வர வேண்டும். ச முடிந்த கையோடு த. த-வுக்குப் பிறகு எப்போதாவது ப. ம முதலாவதாகவும் வரக்கூடாது, கடைசியாகவும் வரக்கூடாது. ந-வைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

கட்டுப்பாடே இல்லையென்றால் 720 வரிசை. இந்த நிபந்தனைகளுக்குப் பிறகு 12. புதிதாகப் பழகுகிறவர் பன்னிரண்டையும் எழுத உட்காருவார், நேரம் போய்விடும். கை தேர்ந்தவர் ஒரே கோடு போடுவார்: க, பிறகு ஒட்டிய 'சத', பிறகு ப. ம-வுக்கு இரண்டு முனையிலும் பெருக்கல் குறி. ந-வைச் சுற்றி ஒரு வட்டம். அது எங்கே வேண்டுமானாலும் திரியும்.

அதன் பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அரை நிமிடம் படத்தையே பார்ப்பார். ருசி அந்த அரை நிமிடத்தில்தான். முதலில் யார் வர முடியும்? ச, த, ப மூன்றுக்கும் முன்னால் க நிற்கிறது, ம-வுக்குத் தடை. மிஞ்சுவது க அல்லது ந. கடைசியில்? அதே கணக்கில் ப அல்லது ந. ஒரே ந இரண்டு முனையிலும் நிற்க முடியாதே! ஆகவே க முதலில் வரவில்லையென்றால் ந முதலில் வந்தாக வேண்டும். அப்படியானால் கடைசி ப-தான். க-வையும் ப-வையும் இப்படி நேராக முடிச்சுப் போடும் நிபந்தனை எதுவும் கொடுக்கப்படவில்லை. எந்தத் தடையுமின்றித் திரிந்த ந-தான் அந்த முடிச்சைப் போட்டது.

இப்போது கேள்வி வருகிறது: ந மூன்றாவதாக வந்தால்? 'சத' ஜோடிக்கு 4, 5 தவிர வேறு இடமே இல்லை. ப ஆறுக்குப் போகிறது. முதலிடம் ம-வுக்குக் கிடையாது என்பதால் க, ம, ந, ச, த, ப என்று மொத்த வரிசையும் சடசடவென்று விழுந்துவிடுகிறது.

வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு 'சீட்டிங் அரேஞ்ச்மென்ட்' நினைவுக்கு வரும். சொந்தம்தான், ஆனால் குணம் வேறு. அங்கே பெரும்பாலும் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே வரிசை கடைசிவரை தீர்மானமாகாது. எவ்வளவு தெரியும், எதற்கு மேல் தெரியாது என்று எல்லை போடுவதுதான் ஆட்டம். தெரியாத இடத்தைத் துணிந்து காலியாக விடுகிறவருக்கே இது வசப்படும். பரபரப்பில் கட்டத்தை நிரப்பும் கை கெடுத்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். முதல் கேள்வி பெரும்பாலும் 'கீழ்க்கண்டவற்றில் எது சரியான வரிசை?' என்றிருக்கும். நிபந்தனைக்கு ஒன்றாகத் தப்பான வரிசைகளை அடித்துக்கொண்டே வந்தால் விடை மிஞ்சும். அதோடு விடக்கூடாது. அது செல்லுபடியாகும் ஒரு வரிசை. நான்காவது கேள்வியில் 'இது நடக்கலாமா?' என்று கேட்கும்போது அதுவே சாட்சி. மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம்.

தேர்வு 2019-ல் டேப்லெட்டுக்கு மாறும்வரை தனித்தாள் தரமாட்டார்கள். வினாத்தாளின் ஓரத்திலேயே வரைய வேண்டும். கோடுகளில் சிக்கனம் வந்தது அந்த நெருக்கடியால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் வரைந்து பார்ப்பதே உயிர் என்றால், பார்வையில்லாதவர் என்ன செய்வார்? இதைக் கேட்டுத் தொடுத்த வழக்கு 2019-ல் சமரசத்தில் முடிந்தது. 2024 ஆகஸ்ட் முதல் தேர்வில் இந்தப் பகுதி இல்லை. எனக்குப் பிரியமானது போய்விட்டது என்பதற்காக முடிவைக் குறை சொல்ல மாட்டேன்; வக்கீலாகப் போகிறவரின் தகுதிக்கும் பென்சில் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

தேர்வைவிட்டுப் போனாலும் புதிர்கள் போகவில்லை. வெளியான பழைய தாள்கள் தொண்ணூறுக்கு மேல், தாளுக்கு நான்கு புதிர். பழைய புத்தகமாக ஒரு தொகுப்பு கிடைத்தால், முன்பு வைத்திருந்தவர் ஓரத்தில் போட்ட கோடுகளை வேறு யாரையாவது விட்டு அழித்துவிடச் சொல்லுங்கள். அவர் கண்டுபிடித்த முடிச்சு கண்ணில் பட்டுவிட்டால் அந்தப் பக்கம் வீண்.