ஆலைக்கரையும் உல்லாசக்கரையும்

ஓய்ந்த ஆலைநிலங்களை நீர்க்கரை உல்லாச வலயங்களாக்குவதே முன்னேற்றம் என்னுங் கருத்து இன்று உலகெங்கும் விலைபோகின்றது. மட்டக்களப்புக்கு வடக்கே வாழைச்சேனைக் கடதாசி ஆலையையும், அதற்குச் சற்று அப்பாலுள்ள பாசிக்குடாவையும் ஒருங்கே கண்டவர்கள் இக்கருத்தைக் கேள்வியின்றி விழுங்கிவிட முடியாது.

இங்கிலாந்தைப் பார்ப்போம். டட்லி நகருக்கருகில் 1857 முதல் இயங்கிய றவுண்ட் ஓக் உருக்காலை 1982 டிசம்பரில் மூடப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். அரசு அப்பகுதியைச் சலுகை வலயமாக்கி, பத்தாண்டு உள்ளூர் வரிவிலக்கும் அளித்தது. மெரி ஹில் என்னும் பெருங்கடைத்தொகுதி எழுந்தது. கால்வாயோரம் அலுவலகங்களும் மதுச்சாலைகளும் வந்தன. கரிபடிந்த நிலம் அழகு பெற்றதை நாம் மறுக்கவில்லை. ஆனால் டட்லியின் பெருங்கடைகள் பல வரியில்லா இடம் நோக்கிப் பெயர்ந்தன. பழைய கடைத்தெரு வெறிச்சோடியது. புதிதாகப் படைக்கப்பட்டனவாகச் சொல்லப்பட்ட வேலைகளுட் பல இடம் மாறிய வேலைகளே. உலைமுன் நின்றவனின் கைத்திறனுக்குக் கடைமேடையில் என்ன மதிப்பு?

வாழைச்சேனைக்கு வருவோம். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் உருவான திட்டம் இது. 1950களின் நடுவில் ஆலை இயங்கத் தொடங்கிற்று. உழவன் கழித்த வைக்கோல் அப்பியாசக் கொப்பியாகிப் பள்ளிக்கூடம் வந்தது. ஆலையைப் புனிதப்படுத்த நாம் முனையவில்லை. வைக்கோலை வேகவைத்த கருநீர் வாவியிற் கலந்ததால் மீனவர் பட்ட துன்பத்தை மறைப்பது தொழிலாளர் பக்கம் நிற்பதாகாது. பின்னர் போர் ஆலையை முடக்கிற்று. 2009க்குப் பின்னும் மூடுவதும் திறப்பதுமாகவே காலம் கழிந்தது.

அதே ஆண்டுகளில் பாசிக்குடாவில் நட்சத்திர விடுதிகள் வரிசையாக எழுந்தன. நிலம் பங்கிடப்பட்டது; தெருவும் மின்சாரமும் விரைந்து வந்தன. வள்ளம் கரையேற்றும் துறைதான் ஒடுங்கிற்று. ஆலைக்குக் கிட்டாத அவசரம் விடுதிக்கு எங்கிருந்து கிட்டியது? ஆலையின் நட்டக்கணக்கைக் காட்டுவார்கள். அரசு போட்டுக்கொடுத்த தெருவை விடுதியின் கணக்கில் எழுதிப் பார்த்தவர் யார்? 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் அடுத்த ஆண்டின் பெருந்தொற்றும் வந்தபோது அறைகள் வெறுமையாயின; அறை துடைத்தவர்களின் சம்பளமும் அவற்றோடு ஆட்டங்கண்டது.

ஆசிரியர்களும் மாணவர்களும் மறந்திருக்க முடியாத செய்தி ஒன்றுண்டு. 2022 மார்ச்சில், அந்நியச் செலாவணியின்றிக் கடதாசி இறக்குமதி தடைப்பட்டதால், மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. சுற்றுலா அந்நியச் செலாவணியை ஈட்டித் தரும் என்பதே விடுதிகளுக்காகச் சொல்லப்பட்ட முதன்மையான நியாயம். வைக்கோலோ ஆண்டுதோறும் நம் வயல்களிலேயே எரிந்துகொண்டிருந்தது.

ஆகவே வாவிக்கரை ஆலைநிலத்துக்கென எத்திட்டம் வந்தாலும், வண்ணப் படங்களுக்கு முன் சில விவரங்களை நாம் கேட்போம். நிலம் யார் பெயரில், எத்தனை ஆண்டுக்கு? நிரந்தர வேலைகள் எத்தனை, அவற்றுக்குரிய பயிற்சியை உள்ளூர் இளைஞருக்கு அளிப்பவர் யார்? கழிவுநீர் எங்கே சுத்திகரிக்கப்படும்? நீலந் தீட்டிய அந்தக் கரையில் வலை காயப்போடும் இடம் எது?