இளம் விஞ்ஞானியும் கேட்போரும்: மாத்தளைக் கோப்பி தரும் பாடம்

இளம் விஞ்ஞானிகளுக்குப் பல்வகைக் கேட்போரோடு உரையாடும் பயிற்சி வேண்டும் என்ற குரல் பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்று வருகின்றது. கோரிக்கை நியாயமானதே. ஆயினும், பயிற்சி என்பது மேடைத்துணிவும் எளிய நடையும் என்ற அளவிற் சுருங்கிவிடுகின்றது. யாரைக் கேட்போராக ஏற்பது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவின் முக்கியத்துவத்தை நமது மலையக வரலாறே உணர்த்தும்.

இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் 1869 இல் இனங்காணப்பட்டது. மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்துசேர்ந்த 1880 ஆம் ஆண்டிலேயே, அந்நோயை ஆராய ஹரி மார்ஷல் வார்ட் இங்கு வந்தார். அவர் கேம்பிரிட்ஜிற் பட்டம்பெற்றுச் சிறிது காலமே ஆகியிருந்தது. பங்கசின் வித்தி ஈரமான இலையில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து வளர்வதை அவர் நிறுவினார். செம்மஞ்சள் தூள் வெளித்தோன்றும் வேளையில் நோய் உள்ளே நிலைகொண்டுவிடுகின்றது என்பது இதன் பொருள்.

துரைமார் மருந்து கேட்டனர். வார்ட் காரணம் கூறினார். பரந்த நிலத்தில் ஒரே பயிரைச் செறிவாக நட்டமை நோய் பரவ வழிதிறந்தது என்பது அவர்கள் விரும்பிய விடையன்று. அறிவியல் உலகம் அவரை மதித்தது. 1882 இல் அவர் நாடு திரும்பினார். கோப்பி வீழ்ந்தது, தேயிலை அதனிடத்தைப் பெற்றது.

ஓர் ஆய்வறிக்கையையும் இலக்கியம் போன்றே, அது யாரை நோக்கிப் பேசுகின்றது என்று வினவி வாசிக்கலாம். வார்ட்டின் அறிக்கைகள் ஆங்கிலத்தில், அரசையும் தோட்ட உடைமையாளரையும் அறிஞரையும் நோக்கி எழுந்தவை. மன்னார், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்து, அவ்விலைகளை நாள்தோறும் கையாற் தொட்ட தமிழ்த் தொழிலாளர் அவ்வட்டத்தினுள் இல்லை. இது அவ்விளைஞரின் தனிப்பட்ட குறையன்று. உழைப்பவரை அறிவுக்கு உரியவராகக் கருதாத பெருந்தோட்ட அமைப்பின் குறை அது.

வேறு வழி இருந்தது என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1847 இல் அங்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். மாணவரைக் கொண்டு நூல்களை மொழிபெயர்ப்பித்தார். அவரது சமயநோக்கும் வடமொழி செறிந்த கலைச்சொற்களும் விமர்சனத்துக்கு உரியவை. எனினும், மக்களின் மொழியிற் சொல்லக் கற்பதைத் தொழிற்கல்வியின் உள்ளுறுப்பாகவே அவர் ஆக்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்று மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மிளகும் கொக்கோவும் கறுவாவும் பயிரிடும் சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்கள் அதனைச் சூழ வாழ்கின்றனர். பாடசாலையில் விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்ற மாணவர், பல்கலைக்கழகத்தில் அதனை ஆங்கிலத்திற் கற்கின்றார். பட்டம் பெற்றபின் தாய்மொழிக்குத் திரும்பும் பாதையை எவரும் அவருக்குக் காட்டுவதில்லை. அண்டை மொழிக்குச் செல்லும் பாதையோ இன்னும் அரிது.

எனவே, பயிற்சி மேடையிலன்று, கொடிக்காலிலும் லயத்திலும் தொடங்குதல் வேண்டும். தன் ஆய்வைச் சொல்லுமுன், இலையின் மாற்றத்தை முதலிற் காணும் தொழிலாளி சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதே இளம் விஞ்ஞானியின் முதற்பாடமாதல் தகும். கேட்கக் கல்லாதவரின் எளிய நடை, கீழிறங்கிவரும் கட்டளையாகவே எஞ்சும்.