கேபின் சுவரை நீக்காமலே படுக்கையைப் பெரிதாக்கலாம்

அமெரிக்காவில் பீட்டர்பில்ட் 359, கென்வொர்த் டபிள்யூ900 போன்ற பழைய டிரக்குகளைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறவர்களில் ஒரு சாரார் அவற்றைக் காட்சிக்கு வைக்கிறார்கள். இன்னொரு சாரார் மறுபடியும் சரக்கேற்றி ஓட்டுகிறார்கள். 2000க்கு முந்தைய எஞ்சின் உள்ள வண்டிக்கு மின்னணு ஓட்டப்பதிவுக் கருவி கட்டாயமில்லை என்பது ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் ஈர்ப்பு. தூங்க இடம் போதவில்லை என்று இவர்களில் பலர் கேபினின் பின்சுவரையே அறுத்தெடுத்து, பெரிய ஸ்லீப்பரை, அதாவது படுக்கைப் பெட்டியை, அதோடு சேர்த்துவிடுகிறார்கள். இடம் வேண்டும் என்ற ஆசையில் நியாயம் இருக்கிறது. அதற்குச் சுவரைப் பலிகொடுப்பதில்தான் பிழை.

பழைய ஸ்லீப்பர் ஏன் அவ்வளவு குறுகல்? டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து இத்தனை அடிதான் இருக்கலாம் என்று மாநிலங்கள் வரம்பு வைத்திருந்தன. ஓட்டுநருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு அங்குலமும் சரக்கிலிருந்து கழிந்தது. மத்திய விதிப்படி, 1953க்கு முன் பொருத்திய படுக்கைக்கு 18 அங்குல அகலம் போதும். பிறகு 21, 1975 செப்டம்பருக்குப் பின் 24. தோள் அகலமான ஆள் புரண்டு படுக்க முடியாத அளவுகள் இவை. 1982ஆம் ஆண்டுச் சட்டம் முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீள வரம்பை நீக்கிய பிறகே ஸ்லீப்பர் தாராளமாக வளர்ந்தது. ஆகவே அந்தக் குறுகல் வடிவமைப்பாளரின் ரசனையிலிருந்து வந்ததல்ல, சட்டம் திணித்த நெருக்கடி. வேலைக்குப் போகும் வண்டியில் அதை அப்படியே காப்பாற்றுவது ஓட்டுநரின் முதுகுக்குச் செய்யும் அநீதி. 2004 முதல் கட்டாய ஓய்வு 8 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரமாகியிருப்பதால் அந்தப் பெட்டிக்குள் கழியும் நேரமும் கூடிவிட்டது. தவிர, அக்கால ஸ்லீப்பர் சேஸில் தனியாகப் பூட்டிய பெட்டி. வேறு நிறுவனத்தில் செய்து வாங்கியதும், பிறகு மாற்றியதும் உண்டு. அதை இன்று மாற்றுவதால் வண்டியின் அடையாளம் குலைந்துவிடாது.

கேபின் விஷயம் வேறு. பீட்டர்பில்ட் 359இன் கேபின் ரிவெட் அடித்த அலுமினியக் கூடு. கதவுச் சட்டங்கள் கோணாமல் பிடித்து நிற்பது அந்தப் பின்சுவரால்தான். மேடுபள்ளத்தில் சேஸ் முறுக்கும்போது கேபினும் ஸ்லீப்பரும் தனித்தனியாக அசையும். இடையிலுள்ள ரப்பர் உறை அந்த அசைவை வாங்கிக்கொள்ளும். சுவரை எடுத்து இரண்டையும் இறுக்கிப் பூட்டினால் முறுக்கல் முழுதும் உலோகத்தில் இறங்குகிறது: கதவு இழுக்கும், ரிவெட் தளரும், மூலைகளில் விரிசல் ஓடும். 1990களில் பீட்டர்பில்ட் கேபினையும் ஸ்லீப்பரையும் ஒன்றாக்கியபோது இரண்டையும் ஒரே கூடாக வடிவமைத்து, அதற்கெனத் தனி சஸ்பென்ஷனில் உட்கார வைத்தது. பட்டறையில் சுவரை மட்டும் அறுப்பவர் அந்த வேலையில் பாதியைத்தான் செய்கிறார்.

சுவரை விட்டுவைத்தால், ஸ்லீப்பரிலிருந்து கேபினுக்குச் சிறு ஓட்டை வழியாக ஊர்ந்து போவது விபத்து நேரத்தில் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1963க்கு முன் பொருத்திய ஸ்லீப்பருக்கு 24க்கு 16 அங்குல நீள்வட்டம் அடங்கும் வழியே போதும் என்றது விதி. அதற்குப் பிந்தையவற்றுக்கு 18 அங்குல உயரமும் 36 அங்குல அகலமும் வேண்டும். ஆகவே திறப்பைப் பெரிதாக்கத்தான் வேண்டும். ஆனால் சுற்றிலும் சட்டம் போட்டு, மேல்மூலைகளை விட்டுவைத்துத் திறப்பை அகட்டுவதும், சுவரையே நீக்குவதும் ஒன்றல்ல. ஸ்லீப்பரின் பக்கத்தில் தனிக் கதவு வைத்தால் இன்னொரு வழியும் கிடைக்கும். என் வண்டி, என் இஷ்டம் என்ற வாதம் விற்கும் நாள்வரைதான் செல்லும். உள்ளே மெத்தைத் துணி ஒட்டிய பிறகு என்ன வெட்டப்பட்டது, எங்கே வலுவூட்டப்பட்டது என்பது அடுத்து வாங்குபவர் கண்ணில் படாது. வேலை நடக்கும்போதே படமெடுத்து வண்டியோடு கொடுப்பதைப் பட்டறைகள் வழக்கமாக்க வேண்டும்.

எடையையும் மறக்கக்கூடாது. 80,000 பவுண்டு மொத்த வரம்பில் ஸ்லீப்பர் கனக்கும் அளவுக்குச் சரக்கு குறையும். வீடு போன்ற பெட்டியைப் பூட்டி, சேஸை நீட்டி, திரும்ப முடியாத வண்டியாக்குவதில் லாபமில்லை. 36 அங்குல ஆழத்தில் படுக்கையைத் தவிர எதற்கும் இடமிருக்காது. 63 அங்குலம் என்றால் உட்காரலாம், உடை மாற்றலாம். தனியாக ஓட்டுபவருக்கு அது தாராளம். மீதிப் பணத்தை வெப்பம், இரைச்சல் தடுக்கும் காப்புக்கும் நல்ல மெத்தைக்கும் செலவிட்டால், இன்னும் இரண்டடி நீட்டிக் கிடைப்பதைவிட நல்ல தூக்கம் கிடைக்கும்.